காட்டில் 54 நாள், வகுப்பில் 18 பீரியட்: ‘ஹாட்செட்’ நாவலை நடத்துவது எப்படி

முதல் தடவை ‘ஹாட்செட்’ (கைக்கோடாரி) என்ற ஆங்கில நாவலை ஏழாம் வகுப்புக்கு நடத்தியபோது அத்தியாயத்துக்குப் பத்துக் கேள்வி கொடுத்தேன். விமானம் விழுந்து காட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் கதாநாயகன் பிரையன் எங்கே விழுந்தான், என்ன சாப்பிட்டான், எந்த மிருகத்தைப் பார்த்தான். எல்லாருக்கும் நல்ல மதிப்பெண். மூன்று வாரம் கழித்து ஒரு பையனிடம், “அவன் தீ மூட்டினானே, முதலில் ஏன் பற்றவில்லை?” என்று கேட்டேன். “பத்திச்சே மிஸ்” என்றான். தீ பற்றாமல் போன பக்கங்கள்தான் அந்த நாவலின் உயிர். அவன் அதைத் தாண்டிப் போயிருந்தான். தாண்டச் சொல்லிக் கொடுத்தது என் கேள்வித்தாள்.

அடுத்த ஆண்டு கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தேன். அதன் பெயர் தவறுக் கணக்கு. பிரையன் செய்யும் ஒவ்வொரு தவறையும், அதற்கு அவன் கொடுத்த விலையையும், அதற்குப் பிறகு அவன் எதை மாற்றினான் என்பதையும் பிள்ளைகள் அதில் எழுத வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த நோட்டைச் சுற்றித்தான் வரும். 6 முதல் 8 வரை எந்த வகுப்புக்கும் இதைச் செய்யலாம். ஏழாம் வகுப்பு இதற்கு மிகவும் தோதான வயது, ஏனென்றால் கதாநாயகனுக்கு 13 வயது.

நடத்தும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

எழுதியவர் கேரி பால்சன். 1939இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர், 2021இல் மறைந்தார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் அலாஸ்காவைக் கடக்கும் இடிடராட் பந்தயத்தில் ஓடியவர். காட்டை ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிய ஆள் இல்லை என்று பிள்ளைகளிடம் ஒரு வரி சொன்னால் போதும். இந்த நாவலுக்கு 1988இல் நியூபெரி ஹானர் கிடைத்தது. அது அமெரிக்கச் சிறார் இலக்கியத்தின் பெரிய மரியாதைகளில் ஒன்று.

கதை சின்னது. பெற்றோர் விவாகரத்து ஆனபின், கனடாவின் வடக்கே எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் அப்பாவைப் பார்க்கச் சிறிய செஸ்னா விமானத்தில் கிளம்புகிறான் பிரையன் ரோப்சன். நடுவானில் விமானிக்கு மாரடைப்பு. விமானம் ஓர் ஏரியில் விழுகிறது. அவன் இடுப்பில் அம்மா வாங்கிக் கொடுத்த ஒரு சிறு கைக்கோடாரி. மனதில் ஒரு ரகசியம்: விவாகரத்துக்கு முன்பே அம்மாவை வேறொரு ஆணோடு அவன் பார்த்திருக்கிறான், அப்பாவிடம் சொல்லவில்லை. இந்தக் கோடாரியோடும் ரகசியத்தோடும் 54 நாள்.

மொழி எளிது. ஆனால் விசித்திரமாக எளிது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும், பாதி வாக்கியத்தில் நிற்கும், ஒற்றைச் சொல்லே ஒரு பத்தியாக நிற்கும். ஆங்கிலத்துக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம். இலக்கண ஆசிரியருக்குக் கொஞ்சம் கோபம் வரும், பரவாயில்லை.

நீங்கள் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிடுங்கள். முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை பென்சிலோடு, தவறுகளுக்காக. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு வகுப்புக்குப் போனால் 13ஆம் அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நேரக் கணக்கு

வாரம் மூன்று பீரியட், ஆறு வாரம். 19 அத்தியாயங்களும் ஒரு பின்னுரையும் இருக்கின்றன. சமமாகப் பங்கு போடாதீர்கள். முதல் நாள் புத்தகத்தையே திறக்க மாட்டோம். முதல் அத்தியாயத்துக்கு இரண்டு பீரியட். 2, 3 சேர்த்து ஒன்று. 4ஐ வீட்டில் படிக்கட்டும். 5க்கு ஒன்று, 6, 7 சேர்த்து ஒன்று. தீ வரும் 8, 9க்கு இரண்டு. 10, 11 மறுபடி வீட்டுக்கு. 12, 13க்கு இரண்டு, 14, 15க்கு இரண்டு, 16க்கு ஒன்று, 17, 18க்கு இரண்டு, 19க்கு ஒன்று, பின்னுரைக்குத் தனியாக ஒன்று. மீதி ஒரு பீரியட் நிஜ வாழ்க்கைச் சம்பவங்களுக்கு. மொத்தம் 18.

எல்லாருக்கும் பிரதி கிடைக்காது. இருவருக்கு ஒன்று இருந்தாலே தாராளம். அதுவும் இல்லையென்றால் நீங்கள் சத்தமாகப் படியுங்கள். இந்த நாவல் காதால் கேட்க எழுதப்பட்டது போலவே இருக்கும்.

முதல் நாள்: பாக்கெட்டைக் காலி செய்

அட்டைப்படத்தைக் காட்ட வேண்டாம், கதையும் சொல்ல வேண்டாம். “இப்போது உங்கள் சட்டைப்பையிலும் பாவாடைப் பாக்கெட்டிலும் இருப்பதை மேசை மேல் வையுங்கள். ஸ்கூல் பேக் கிடையாது” என்று சொல்லுங்கள். ஒரு கைக்குட்டை, பஸ் பாஸ், ரப்பர் பேண்ட், பாதி மிட்டாய், ரீஃபில் இல்லாத பேனா. அதைப் பட்டியல் போட்டு, நாற்பது நாள் ஆள் இல்லாத இடத்தில் இதை வைத்து என்ன செய்வாய் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பயன் எழுத வையுங்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் பிரையன் இதையே செய்வான். சில்லறைக் காசுகள், நகவெட்டி, பர்ஸ், அதில் இருபது டாலர் நோட்டு. வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் சாப்பாடு வாங்கிக்கொள்ள அம்மா கொடுத்த பணம் அது. அந்த வரி வரும்போது பிள்ளைகள் தங்கள் பட்டியலைத் திரும்பிப் பார்ப்பார்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருபது டாலரை மட்டும் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுங்கள். ஒன்பதாம் அத்தியாயம் வரை அழிக்காதீர்கள்.

முதல் அத்தியாயம்: சிரிக்க விடுங்கள்

விமானி வாயு பிரிக்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், விமானத்துக்குள் நாற்றம். ஏழாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அடக்காதீர்கள். தோளைத் தேய்க்கிறார், கை வலிக்கிறது என்கிறார், வயிறு சரியில்லை என்கிறார். இரண்டு பக்கத்தில் அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். மாரடைப்பின் அறிகுறிகள் அத்தனையும் பிரையன் கண் முன்னால் நடந்தன, அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. இரண்டாம் பீரியடில் அந்தப் பக்கங்களுக்குத் திரும்பிப் போய் அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கச் சொல்லுங்கள். கூடவே, வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். என் வகுப்பில் ஒரு பெண் அன்று சாயங்காலமே தன் தாத்தாவுக்குப் பாடம் நடத்தியதாகக் கேள்வி.

இந்த அத்தியாயத்தில் இன்னொன்று. கோடாரியை அம்மா கொடுத்தபோது அவனுக்குக் கூச்சம். அம்மா மனம் நோகக் கூடாதே என்றுதான் பெல்ட்டில் மாட்டிக்கொள்கிறான். தான் கோபமாக இருக்கும் அம்மா கொடுத்த பொருள்தான் அவனைக் காப்பாற்றப் போகிறது. இதை நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். எப்படியும் பத்தாம் அத்தியாயத்துக்குள் ஒரு குழந்தை சொல்லிவிடும். அதுவரை பொறுத்திருப்பது ஆசிரியருக்குத்தான் கஷ்டம்.

தவறுக் கணக்கு நோட்டு

ஒரு பக்கத்தில் நான்கு பத்தி. என்ன தவறு, என்ன விலை, என்ன மாறியது. நான்காவது பத்தியின் தலைப்பு: ‘நானாக இருந்தால்’. ஆறாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்.

பெயர் தெரியாத சிவப்புப் பழங்களைப் பசியில் அள்ளி அள்ளித் தின்கிறான். இரவு முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியும் பேதியும். மறுநாள் ராஸ்பெர்ரி கிடைத்தபோது அவசரப்படாமல், பழுத்ததாகப் பார்த்துப் பறிக்கிறான். இது முதல் பதிவு. அடுத்தது, பாறைக் குகையின் வாசலை அடைக்காமல் தூங்குகிறான். இருட்டில் முள்ளம்பன்றி உள்ளே வந்து காலில் முள்ளை ஏற்றிவிடுகிறது. விலை, வலியும் அழுகையும். அழுது முடித்தபின், தன்னிரக்கத்தால் எதுவும் நடக்கவில்லை, கால் இன்னும் வலிக்கிறது, இருட்டு இன்னும் இருட்டாகவே இருக்கிறது என்று அவனுக்குப் புரிகிறது. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகும். அந்த அமைதியில் பேசாதீர்கள்.

அப்புறம் அந்த இருபது டாலர். முள்ளம்பன்றி மேல் எறிந்த கோடாரி பாறையில் பட்டுப் பொறி பறந்தது. பொறி இருக்கிறது, தீ இல்லை. காய்ந்த புல்லில் பிடிக்கவில்லை. சுள்ளியிலும் பிடிக்கவில்லை. கடைசியில் சாப்பாடு வாங்க வைத்திருந்த அந்த நோட்டைக் கிழித்துப் பஞ்சாக்குகிறான், அதிலும் பிடிக்கவில்லை. கரும்பலகை ஓரத்தைக் காட்டுங்கள். காட்டில் அந்தப் பணம் சோறும் வாங்கித் தரவில்லை, நெருப்பும் ஆகவில்லை. பிறகு பிர்ச் மரத்தின் பட்டையைத் தலைமுடி போல மெல்லிசாக உரித்து உரித்துக் கூடு மாதிரி செய்கிறான். பொறி விழுகிறது, கங்கு ஆகிறது, அணைகிறது. காற்று வேண்டும் என்று நினைவு வருகிறது, ஊதுகிறான். பற்றுகிறது.

இரண்டு பீரியடையும் இதற்கே கொடுங்கள். எத்தனை முறை தோற்றான் என்று விரல்விட்டு எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு தோல்வியிலும் தீ முக்கோணத்தின் எந்த மூலை குறைந்தது: வெப்பமா, எரிபொருளா, காற்றா? அறிவியல் ஆசிரியரை அந்தப் பீரியடுக்குக் கூப்பிட்டால் அவரும் மகிழ்வார். எஃகுக் கோடாரியின் மிகச் சிறிய துகள்கள் உரசலில் பிய்ந்து, காற்றில் பட்டு எரிவதுதான் பொறி என்று அவர் விளக்கட்டும். தீ மூட்டிக் காட்ட மட்டும் வேண்டாம், பிள்ளைகளை வீட்டில் செய்து பார்க்கவும் சொல்லாதீர்கள். கோடாரி, நெருப்பு, பெயர் தெரியாத பழம் மூன்றும் இந்த நாவலில் அச்சில் மட்டும் இருக்கட்டும்.

தொடர்ந்து வரும் பதிவுகளைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வில் செய்யும்போது மரம் முகத்துக்கு நேராக உடைகிறது. ஆமை முட்டைகளைச் சரியாக மூடாமல் புதைத்ததால் ஸ்கங்க் என்ற சிறு விலங்கு வந்து நாற்றமடிக்கும் திரவத்தைக் கண்ணில் பீய்ச்சிவிட்டுப் போகிறது, கொஞ்ச நேரம் பார்வையே தெரியவில்லை. அதன் பிறகு உணவை மிருகங்களுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப் பாறையில் இடம் பார்க்கிறான், மீனை உயிரோடு சேமிக்கக் குளம் கட்டுகிறான். 18ஆம் அத்தியாயத்தில் கோடாரியை ஏரிக்குள் தவறவிடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. நோட்டை ஒழுங்காக எழுதிவந்த குழந்தைகள் அந்த இடத்தில் “ஐயோ” என்று சத்தமே போடுவார்கள். எழுதாதவர்கள் அடுத்த வரிக்குப் போவார்கள். யார் உண்மையில் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல பரீட்சையை நான் கண்டதில்லை.

மீனும் பறவையும்: பார்க்கக் கற்றல்

ஈட்டியால் குத்துகிறான், மீன் சிக்கவில்லை. அம்பு விடுகிறான், தவறுகிறது. ஒளி தண்ணீருக்குள் வளைகிறது என்ற பள்ளிப்பாடம் திடீரென்று நினைவுக்கு வருகிறது. மீன் தெரியும் இடத்தில் மீன் இல்லை, சற்றுக் கீழே குறி வைக்க வேண்டும். வகுப்பில் ஒரு வாளித் தண்ணீர், அடியில் ஒரு ரூபாய்க் காசு, நீளமான ஒரு குச்சி. சாய்வாக நின்று பார்த்துக் காசைத் தொடச் சொல்லுங்கள். முதல் குத்து பெரும்பாலும் காசைத் தாண்டிப் போய் விழும். எங்கள் வகுப்பில் தரை எல்லாம் ஈரமாகி நான் பேச்சு வாங்கினேன். ஆனாலும் ஒளிவிலகலை அந்த வகுப்பு மறக்கவில்லை.

பறவை அதைவிட நுட்பம். காலடியிலிருந்து படபடவென்று பறந்து அவனை முட்டாளாக்கும் காட்டுக்கோழியை அவன் நிறத்தையும் இறகையும் தேடித் தேடித் தவறவிடுகிறான். ஒரு நாள் வடிவத்தைத் தேடுகிறான், பேரிக்காய் போன்ற வடிவம். அந்தக் கணத்திலிருந்து எங்கும் பறவை. இதைப் படித்த கையோடு வகுப்பைப் பள்ளி மரத்தடிக்கு அழைத்துப் போங்கள். பத்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. ஓணான், சிலந்தி, பட்டையோடு ஒட்டியிருக்கும் அந்துப்பூச்சி, எதையாவது கண்டால் கையைத் தூக்கினால் போதும். முதல் ஐந்து நிமிடம் ஒரு கையும் எழும்பாது. அதற்குப் பிறகு எழும்புவதைப் பாருங்கள்.

15ஆம் அத்தியாயத்தில் காலக்கணக்கு மாறுகிறது. நாள்களைக் கல்லில் கோடு போட்டு எண்ணிக்கொண்டேதான் இருக்கிறான், ஆனால் மனதில் நிற்பது ‘முதல் இறைச்சி கிடைத்த நாள்’ போன்ற பெயர்கள். நம் வீட்டுப் பெரியவர்களும் அப்படித்தான். தானே புயலுக்கு அடுத்த மாசம் பிறந்தவன், சென்னை வெள்ளத்தப்போ வாங்கின பீரோ, கஜாவில் விழுந்த தென்னை என்றுதான் பேசுவார்கள். தேதி இல்லாமல் தங்கள் வாழ்க்கைக்கு ஒரு நாட்காட்டி எழுதச் சொல்லுங்கள், ஐந்து பெயர்கள் போதும். என் வகுப்பில் ‘பாட்டி பேச்சை நிறுத்திய நாள்’ என்று ஒன்று வந்தது. அதைத் திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன்.

12, 13: இங்கே நிதானம்

ஒரு விமானம் வருகிறது. ஓடிப்போய்ப் புகை மூட்டுகிறான். அது திரும்பிப் போய்விடுகிறது. அடுத்த அத்தியாயம் பல நாள்களைத் தாண்டிக் குதிக்கிறது. அதில் நினைவாக ஒரு சிறு பகுதி வரும்: நம்பிக்கை போன அந்த நாளில் அவன் தன்னை மாய்த்துக்கொள்ள முயன்றிருக்கிறான். சில வரிகள்தான். சுருக்கங்களில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் குழந்தைகள் படித்துவிடுவார்கள்.

நான் செய்வது இது. நாவல் தொடங்கும் முன்பே பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம்: இதில் விவாகரத்து, ஒரு மரணம், தற்கொலை எண்ணம் வருகின்றன, வகுப்பில் இன்ன விதமாகப் பேசுவோம், உங்கள் குழந்தைக்கு இது கஷ்டம் என்றால் எனக்குச் சொல்லுங்கள். பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் தேதியைச் சொல்லி வைப்பேன். அந்தப் பகுதியை நானே படிப்பேன், எந்தக் குழந்தையையும் சத்தமாகப் படிக்க வைக்க மாட்டேன். விவரங்களுக்குள் போக மாட்டேன். ‘அவன் அன்று தனியாக இருந்தான், பேச ஒருவரும் இல்லை. உங்களுக்கு அப்படித் தோன்றினால் நீங்கள் தனியாக இல்லை’ என்று நேராகச் சொல்வேன். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. இரண்டையும் கரும்பலகையில் எழுதி அந்த வாரம் முழுவதும் விட்டுவிடுவேன். இந்த அத்தியாயத்துக்கு நோட்டில் பதிவு கிடையாது. அவனுடைய அந்த நாளைத் தவறு என்று கணக்கெழுதச் சொல்வது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பீரியட் முடிந்ததும் யாராவது மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தால், அடுத்த வகுப்புக்குத் தாமதமானாலும் பரவாயில்லை, நில்லுங்கள்.

விவாகரத்தும் அப்படியே. நாற்பது பேர் வகுப்பில் அப்பா அம்மா பிரிந்து வாழும் வீட்டிலிருந்து வரும் குழந்தை நிச்சயம் இருக்கும், நமக்குத் தெரியாமலே இருக்கலாம். “உங்கள் வீட்டில் ரகசியம் உண்டா?” என்ற கேள்வியை எந்தப் பயிற்சிப் புத்தகத்தில் பார்த்தாலும் கேட்காதீர்கள். “பிரையன் அப்பாவிடம் சொல்ல வேண்டுமா?” என்று கேளுங்கள். பிரையனைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர்கள் தங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

நிஜக் காடு: ஒரு பீரியட்

16ஆம் அத்தியாயத்துக்கு முன்னால் இதை வையுங்கள். அப்போதுதான் பிள்ளைகளுக்கு ‘இதெல்லாம் நடக்குமா மிஸ்?’ என்ற சந்தேகம் முற்றியிருக்கும்.

2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு செஸ்னா 206 விமானம் விழுந்தது. விமானி உட்படப் பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் குழந்தைகளின் தாய். உயிர் பிழைத்தவர்கள் நான்கு குழந்தைகள். மூத்த பெண்ணுக்கு 13 வயது, பிரையனின் அதே வயது. கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட முடியவில்லை. ஜூன் 9 அன்று, 40 நாள் கழித்து, நால்வரும் உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்த மரவள்ளி மாவைச் சாப்பிட்டார்கள், அது தீர்ந்தபின் காட்டில் கிடைத்ததைச் சாப்பிட்டார்கள். அவர்கள் உய்டோட்டோ என்ற பழங்குடியைச் சேர்ந்தவர்கள். எது தின்னலாம், எது தின்னக் கூடாது என்று மூத்தவளுக்கு வீட்டுப் பெரியவர்கள் மூலம் தெரிந்திருந்தது. தேடிய ராணுவம் அவர்களுடைய பாட்டியின் குரலைப் பதிவு செய்து, ஹெலிகாப்டரிலிருந்து அவர்கள் மொழியிலேயே ஒலிபரப்பியது: இருந்த இடத்திலேயே இருங்கள் என்று.

இதைச் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி: பிரையனிடம் இல்லாதது என்ன, அந்தப் பெண்ணிடம் இருந்தது என்ன? அவனுக்கு ஒரு பழத்தின் பெயர்கூடத் தெரியாது. எல்லாவற்றையும் தன் உடம்பால் சோதித்துத்தான் கற்கிறான். அவளுக்குப் பாட்டி இருந்தாள். 1971இல் பெருவின் காட்டில் விமானம் உடைந்து விழுந்து, 11 நாள் நடந்து பிழைத்த 17 வயது யூலியானே கோப்கேயின் பெற்றோர் விலங்கியல் அறிஞர்கள். ஓடும் நீரைத் தொடர்ந்தால் மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரலாம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அன்றைய வீட்டுப்பாடம்: வீட்டில் வயதானவர்களிடம், அவர்கள் சின்ன வயதில் கடையில் வாங்காமல் பறித்துத் தின்ற பழங்களின் பெயர்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். இலந்தை, களாக்காய், காரைப்பழம், கொடுக்காப்புளி, நாவல், சப்பாத்திக்கள்ளி என்று வரும். எதைத் தொடாதே என்றார்கள் என்பதையும் கேட்கச் சொல்லுங்கள். அரளி, ஊமத்தை, குன்றிமணி. பட்டியல்களை அடுத்த நாள் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் வகுப்பில் முப்பது பழங்களுக்கு மேல் வந்தன. பிள்ளைகள் பாதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நாங்களும் பிரையன்தான் மிஸ் என்றாள் ஒருத்தி. (பறித்துத் தின்று பார்க்கும் வேலை வேண்டாம் என்று அன்றும் ஒருமுறை சொன்னேன்.)

எட்டாம் வகுப்பென்றால் இன்னும் ஓர் அடி போகலாம். பிரையன் விழுந்த காடு ஆளே இல்லாத காடு போலத்தான் நாவல் முழுக்கத் தெரியும். கனடாவின் வடக்குக் காடுகளில் க்ரீ, டெனே முதலிய மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் நாவலில் எங்கே வருகிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள். விடை பின்னுரையில், போகிற போக்கில் இருக்கிறது. அவனை மீட்கும் விமானி, க்ரீ மக்களின் வேட்டை முகாம்களைக் குறித்துக்கொண்டு பறந்த தோல் வியாபாரி. அதைக் கண்டுபிடித்த பையன் அன்று வகுப்பின் ராஜா.

நாவலில் வரும் சில காட்டுப் பழக்கங்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும் இந்தப் பீரியடில் வரட்டும். ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கிறான். தெளிவாகத் தெரியும் நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம், கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

முடிவும் மதிப்பீடும்

16ஆம் அத்தியாயத்தில் மூஸ் என்ற பெரிய மான் தாக்குகிறது, அதே நாளில் சூறாவளி. கட்டியதெல்லாம் போகிறது. இதை வேகமாகப் படியுங்கள், நாவலும் வேகமாகத்தான் ஓடுகிறது. சூறாவளி விமானத்தின் வாலை மேலே கொண்டுவந்துவிட, அவன் தெப்பம் கட்டிப் போய் உயிர்காப்புப் பையை எடுக்கிறான். அங்கே இறந்த விமானியின் உடல் எச்சத்தையும் பார்க்க நேர்கிறது. அந்த ஒரு பத்தியை முன்கூட்டியே சொல்லி எச்சரித்துவிடுங்கள்.

பையில் துப்பாக்கி இருக்கிறது, தீப்பெட்டி இருக்கிறது, சாப்பாட்டுப் பொட்டலம் இருக்கிறது. அவனுக்கு மகிழ்ச்சிதான், ஆனால் முழு மகிழ்ச்சி இல்லை. துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் காட்டிலிருந்து விலகிப்போனது போல இருக்கிறது. இது ஏன் என்று கேளுங்கள். நல்ல விவாதம் கிளம்பும், முடிவு கட்டாதீர்கள்.

ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரும் கிடைக்கிறது. சுவிட்சைத் திருகிப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று ஒதுக்கி வைக்கிறான். அதுதான் வேலை செய்தது. மீட்பு வந்து நிற்கும்போது அவன் அடுப்படியில் இருக்கிறான், வந்தவரிடம் ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்கிறான். வகுப்பை இரண்டாகப் பிரித்துப் பேச வையுங்கள்: பிரையன் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டானா, அதிர்ஷ்டம் காப்பாற்றியதா? ஒரு நிபந்தனை, ஒவ்வொரு வாதத்துக்கும் தவறுக் கணக்கு நோட்டிலிருந்து ஒரு பதிவைக் காட்ட வேண்டும். ‘எனக்குத் தோணுது’ செல்லாது. டிரான்ஸ்மிட்டரை ஒதுக்கி வைத்ததும் ஒரு தவறு, அந்தத் தவறுதான் காப்பாற்றியது என்று ஒருவன் வாதாடினான். எனக்கு இன்றுவரை சரியான பதில் கிடைக்கவில்லை.

பின்னுரையை அன்றே படிக்காதீர்கள், ஒரு நாள் விடுங்கள். வீட்டுக்குப் போன பிரையன் எப்படி இருப்பான் என்று அரைப் பக்கம் எழுதி வரட்டும், ஆங்கிலமோ தமிழோ. பெரும்பாலானவர்கள் டிவி பேட்டி, மாலை மரியாதை என்று எழுதுவார்கள். பிறகு பின்னுரையைப் படியுங்கள். உடல் எடையில் 17 சதவீதம் போயிருக்கிறது. கடைகளில் அடுக்கியிருக்கும் உணவைப் பார்த்து நின்றுவிடுகிறான். ரகசியத்தை அப்பாவிடம் சொல்லவே இல்லை.

மதிப்பெண்ணுக்கு என் கணக்கு இது. நோட்டுக்குப் பாதி: எண்ணிக்கைக்கு மதிப்பெண் கிடையாது, மூன்றாவது பத்தியில் ‘என்ன மாறியது’ என்பதை எவ்வளவு குறிப்பாக எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ‘ஜாக்கிரதையாக இருந்தான்’ என்றால் ஒன்று, ‘வாசலைக் கிளைகளால் பின்னி அடைத்தான்’ என்றால் மூன்று. கால் பங்கு விவாதத்துக்கு. மீதிக் கால் பங்கு ஒரு பக்கக் கட்டுரைக்கு: தான் இந்த ஆண்டு செய்த ஒரு தவறு, பால்சனின் பாணியில். குட்டி வாக்கியம், திரும்ப வரும் சொல், பாதியில் நிற்கும் வரி. தமிழில் எழுதினாலும் முழு மதிப்பெண். ஆங்கில ஆசிரியை இப்படிச் செய்யலாமா என்று ஒருமுறை ஆசிரியர் அறையில் கேட்டார்கள். பிரையனும் காட்டில் நினைத்துக்கொள்வது அவனுடைய ஆங்கில வாத்தியாரைத்தான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

படித்து முடித்ததும் சிலர் “அடுத்த புக் இருக்கா?” என்று வருவார்கள். 1996இல் வந்த ‘பிரையன்ஸ் வின்டர்’ என்ற தொடர்ச்சியைக் கொடுங்கள். அந்த மீட்பு நடக்கவே இல்லை, குளிர்காலம் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு பால்சன் எழுதியது. தவறுக் கணக்கில் பக்கங்கள் மீதி இருந்தால், அதிலேயே தொடரச் சொல்லுங்கள்.